அத்தான் நியூயோர்க்குக்கு வீடு மாறினார், எனக்குக் கமிஷன் நின்றுவிட்டது

தூண்டில்காரன், கல்லடி:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடமாக மீன்பிடிச் சாமான் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தளம் நடத்துகிறேன். கல்லடிப் பழைய பாலத்தில் ராத்திரி ராத்திரியாகத் தூண்டில் போட்டவன் நான், ரீலும் தங்கூசியும் பற்றி எழுதுவதற்குக் கூகுளைக் கேட்க வேண்டியதில்லை. வாவித் தண்ணீர் பட்டு உப்பு ஏறி இறுகிப்போன ரீலின் கைப்பிடியை எப்படிக் கழற்றுவது என்று ஒரு கட்டுரை போட்டேன். தேங்காயெண்ணெய் விட்டு ஒரு இரவு துணியில் சுற்றி வைக்கிற வேலைதான். அதற்குத்தான் இன்றும் அதிக வாசகர், முக்கால்வாசிப் பேர் அமெரிக்கர்கள். கட்டுரைக்குக் கீழே அமெரிக்கக் கடை ஒன்றின் லிங்க். அதில் போய் வாங்கினால் எனக்கு 5 வீதம். மாதம் 300 டொலர் அளவில் வந்துகொண்டிருந்தது.

கணக்கு என் பெயரில் இல்லை. தொடங்கிய காலத்தில் இங்கே பேபாலில் பணம் வாங்க வழியில்லை, ஆகவே டெலவெயாரில் இருந்த அத்தானின் பெயரிலும் விலாசத்திலும் திறந்தோம். அவர் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார். அவருக்கு விலாசம் கொடுத்த வேலை மட்டும்தான், எழுதுவதெல்லாம் நான்.

இந்த மார்ச்சில் அக்காவும் அத்தானும் குயீன்ஸுக்கு வீடு மாறினார்கள். அத்தான் ஒழுங்கான மனிதர், உடனே கணக்கிலும் விலாசத்தை மாற்றிவிட்டார். இரண்டு கிழமையில் கடையிலிருந்து மெயில்: நியூயோர்க்கில் வசிப்பவர்களை எங்கள் திட்டத்தில் வைத்திருக்க முடியாது, விற்பனை வரிச் சட்டம் காரணம், கணக்கை மூடுகிறோம். 412 டொலர் உள்ளே நிற்கிறது.

எனக்கு விளங்காதது இதுதான். வாங்குகிறவன் எங்கேயோ இருக்கிறான். எழுதுகிறவன் கல்லடியில் இருக்கிறேன். இடையில் அத்தான் எந்த மாநிலத்தில் படுத்து எழும்புகிறார் என்பதில் கடைக்கு என்ன வந்தது? இன்னொன்று, அந்த விற்பனை வரியை என் கமிஷனில்தான் வெட்டுவார்கள் என்று ஒரு கூட்டாளி பயம் காட்டுகிறான். உண்மையா?

கல்முனை காக்கா:

தம்பி, அந்தக் கடைக்காரனுக்கு நாட்டு நடப்பே தெரியாது போல. இது பழைய கதை.

1992 இல் குவில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: மாநிலத்துக்குள் கடையோ களஞ்சியமோ ஆளோ இல்லாத கம்பனியிடம் விற்பனை வரியை வசூலித்துத் தா என்று அந்த மாநிலம் கேட்க முடியாது. 2008 இல் நியூயோர்க் அந்தக் கோட்டைச் சுற்றி வந்தது. ‘எங்கள் ஊர்க்காரன் உனக்கு லிங்க் போட்டுக் கமிஷன் வாங்குகிறான், அப்படியென்றால் அவன் உன் ஆள், உனக்கு இங்கே ஆள் இருக்கிறது’ என்று சட்டம் போட்டார்கள். ஓவர்ஸ்டொக் என்ற இணையக் கடை உடனே நியூயோர்க் ஆட்களைக் கழற்றிவிட்டது. அமேசன் வழக்குப் போட்டுக்கொண்டே வரியையும் வசூலித்தது. மறுகா வட கரோலினா, றோட் ஐலண்ட், இல்லினோய், கலிபோர்னியா என்று அதே மாதிரி வந்தபோது அமேசன் அந்தந்த மாநிலத்துக்காரரின் கணக்கை ஒரே நாளில் மூடியது. வரி கட்ட வேண்டியவன் கடைக்காரன், வயிற்றில் அடி வாங்கியவன் லிங்க் போட்டவன்.

2018 இல் வேஃபெயர் வழக்கில் குவில் தீர்ப்பே கவிழ்ந்தது. ஆள் இல்லாவிட்டாலும் விற்பனை போதிய அளவு இருந்தால் வரி வசூலிக்கத்தான் வேண்டும். ஆகவே லிங்க் போடுகிறவனை வெட்டி இப்போது ஒரு லாபமும் இல்லை. இதைச் சொல்லிக் கடைக்கு ஒரு மெயில் போடுங்கள்.

மாமாங்கத்தாள், நியூஜேர்சி:

காக்கா, பெரிய கடைக்கு நீங்கள் சொன்னது அச்சொட்டாகச் சரி. தம்பியின் கடை சின்னக் கடை போலத் தெரிகிறது, அங்கேதான் சிக்கல். நான் இங்கே இணையக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள், இதே தலைவலியைத் தினமும் பார்க்கிறேன்.

வேஃபெயருக்குப் பிறகு நியூயோர்க் வைத்த அளவு பெரிது. பன்னிரண்டு மாதத்தில் அந்த மாநிலத்துக்குள் 500,000 டொலருக்கு மேல் விற்க வேண்டும், 100 விற்பனையையும் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கடை வரி வசூலிக்க வேண்டும். சின்னக் கடை அந்த அளவை எட்டாது. ஆனால் 2008 சட்டம் செத்துப் போகவில்லை, பக்கத்திலேயே நிற்கிறது. நியூயோர்க்கில் வசிக்கும் லிங்க்காரர் எல்லோரும் சேர்ந்து நியூயோர்க் வாடிக்கையாளருக்கு 10,000 டொலருக்கு மேல் விற்றுக் கொடுத்தால் கடைக்கு அங்கே ஆள் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்தாயிரத்தை எட்ட எவ்வளவு நேரம்? அதனால்தான் உங்கள் அத்தானின் குயீன்ஸ் விலாசத்தைக் கண்டதும் கடைக்காரர் பதறியிருக்கிறார். டெலவெயாரில் விற்பனை வரியே கிடையாது, அங்கே இருந்தவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கடைக்காரருக்கு இது வெறும் காகித வேலை இல்லை. 200 டொலர் ரீலை நியூயோர்க் நகரில் ஒருவர் வாங்கினால் வரி 8.875 வீதம், பில் 217.75 ஆகும். வரி போடாத கடையில் 200 தான். (வாங்கியவர் அந்த வரியைத் தானே அறிவித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.) வரி ஏறினால் அந்த 17.75 ஐப் பார்த்து ஆள் வண்டிலில் போட்டதை அப்படியே விட்டுவிட்டுப் போவார், உங்கள் 10 டொலரும் அதோடு போகும். உங்களுக்கு வரியால் வரக்கூடிய அடி அது மட்டும்தான். கமிஷன் சாமானின் விலையில் கணக்கிடப்படும், வரியையும் தபால் செலவையும் சேர்க்க மாட்டார்கள், அதிலிருந்து கழிக்கவும் மாட்டார்கள். கூட்டாளியிடம் சொல்லுங்கள்.

சண்டை வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. லிங்க் வைப்பதைத் தவிர நியூயோர்க்கில் துண்டுப் பிரசுரம் கொடுப்பது, ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிடுவது மாதிரி வேலை எதுவும் செய்யவில்லை என்று அத்தான் வருடம் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பந்தத்திலும் அதற்குத் தடை இருந்தால், கடை அந்தச் சட்ட ஊகத்தை மறுக்கலாம். ஆனால் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்கச் சின்னக் கடைக்கு ஆள் எங்கே? மூடுவது சுகம்.

என்னைக் கேட்டால் அத்தானை விட்டுவிட்டு உங்கள் பெயரிலேயே போடுங்கள். கல்லடியில் இருப்பவர் எந்த மாநிலத்துக்கும் ஊர்க்காரர் இல்லை. அமெரிக்காவில் இருப்பவர் கொடுக்கும் டபிள்யூ-9 வரிப் படிவத்துக்குப் பதில் வெளிநாட்டுக்காரருக்கான டபிள்யூ-8பென் படிவம். வேலை முழுக்க இலங்கையில் நடப்பதால் அது அமெரிக்காவில் உழைத்த வருமானம் ஆகாது, அதை ஒழுங்காக எழுதிவிட்டால் அமெரிக்க வரியென்று 30 வீதம் பிடிக்க மாட்டார்கள். கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்று வருட முடிவு வரை அந்தப் படிவம் செல்லும்.

இன்னொரு விஷயம், கோபிக்காதீர்கள். ஐந்து வருடமாக அந்தப் பணம் இங்கே அத்தானின் வருமானமாகத்தான் பதிவாகியிருக்கும். தனித் தொழில் வரி மட்டும் 15.3 வீதம், வருமான வரி வேறு. அவர் அதைக் கட்டினாரா என்று கேட்டீர்களா?

ஏறாவூரான்:

நல்ல அத்தான். எனக்கும் ஒருவர் இருக்கிறார், விலாசம் கேட்டால் போனை எடுக்க மாட்டார்.

தூண்டில்காரன், கல்லடி:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரியே குயீன்ஸுக்கு அழைத்தேன். அத்தான் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று மழுப்பினார். என் அக்கா போனைப் பிடுங்கிச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு ஏப்ரலும் தன் கைக்காசில் கட்டியிருக்கிறார், அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை. நான் மெயிலில் அவரோடு கோபமாகப் பேசியதை நினைத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

412 டொலரைப் பற்றிக் கடைக்கு எழுதினேன். மூடிய நாள் வரை நடந்த விற்பனைக்குத் தருவார்களாம். அது அத்தானுக்கே என்று சொல்லிவிட்டேன்.

என் பெயரில் விண்ணப்பிக்கிறேன். பேயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக இங்குள்ள வங்கிக்கு எடுத்தால் இங்கே வரி எப்படி?

கல்முனை காக்கா:

சகோதரி, திருத்தியதற்கு நன்றி. பத்தாயிரம் டொலர் கதையை 2018 உடன் முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

தம்பி, முன்பு வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு. ஆனால் வெளிநாட்டுப் பணமாக வங்கி வழியே வந்தால் கூடியது 15 வீதம்தான், வருடத்தில் முதல் 18 லட்சம் ரூபாய்க்கு ஒன்றுமில்லை. மாதம் 300 டொலர் என்றால் வேறு வருமானம் இல்லாவிட்டால் நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஆனாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் நம்பர் (வரி கட்டுபவருக்கான இலக்கம்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டபிள்யூ-8பென்னிலும் அதைக் கேட்கும். அம்மாவின் கணக்கு இனி வேண்டாம்.

தூண்டில்காரன், கல்லடி:

டின் வந்தது. 140 கட்டுரையில் 63 க்குப் புது லிங்க் மாற்றிவிட்டேன், மிச்சம் கை வலிக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெட்டியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ‘மாநிலம்’ கட்டாயம் நிரப்ப வேண்டுமாம், வெறுமையாக விட்டால் சிவப்புக் கோடு போடுகிறது. என்ன எழுதுவது?

மாமாங்கத்தாள், நியூஜேர்சி:

கிழக்கு மாகாணம்.