சேலம் கலவர வழக்கு விடுதலை: ஹைகோர்ட்டில் எந்த ஹால்?

அம்மாபேட்டைக்காரி:
அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னை போகிறேன். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்ற சேலத்து வக்கீல் விஜயராகவாச்சாரியாரைப் பற்றி என் தாத்தா அடிக்கடி சொல்வார்: "நம்ம விஜயராகவாச்சாரியாரை அந்தச் செவப்புக் கட்டடத்துலதான் விடுதலை பண்ணாங்க." அது எந்த ஹால் என்று யாருக்காவது தெரியுமா? பாப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

பழைய குமாஸ்தா, அஸ்தம்பட்டி:
விடுதலை நிஜம்தாம்மா. கட்டடம்தான் தப்பு. பத்து வருஷத் தீவாந்தர தண்டனையை, அதாவது கடல் தாண்டி நாடு கடத்தும் தண்டனையை, ஹைகோர்ட் ரத்து செய்தபோது சிவப்புக் கட்டடத்துக்கு அஸ்திவாரமே போடவில்லை. வேலை ஆரம்பித்தது 1888-ல், திறந்தது 1892 ஜூலையில். பிராசிங்டன் போட்ட பிளானை ஹென்றி இர்வின் எடுத்து முடித்தார். கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார்.

அதுவரை கோர்ட் நடந்தது கடற்கரையோரம் பென்டிங்க் பில்டிங்கில். அது பிற்பாடு கலெக்டர் ஆபீஸாகி, அப்புறம் இடிபட்டது. இப்போது அந்த இடத்தில் சிங்காரவேலர் மாளிகை. ரோட்டுக்குப் பேர் ராஜாஜி சாலை. அவரும் சேலத்து வக்கீல்தானே, பாப்பாவிடம் அதையும் சொல்லுங்கள்.

அதற்காகச் சிவப்புக் கட்டடத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். முப்பது வருஷம் அப்பீல் கட்டுகளை மஞ்சப்பையில் போட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் தூக்கிப் போனவன் நான். மாடியில் 13-ஆம் ஹாலில் கலர் கண்ணாடி உண்டு. ஒரு நாள் கேஸ் கூப்பிடக் காத்திருந்தபோது, பச்சையும் சிவப்புமாக வெயில் கட்டு மேல் விழுந்தது. அந்த வெளிச்சத்திலேயே பக்க எண் சரிபார்த்தேன். 112-க்கு அப்புறம் 114! வக்கீலிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

குகை பையன்:
உச்சிக் கோபுரம் லைட்ஹவுஸாக இருந்ததாமே, உண்மையா?

பழைய குமாஸ்தா, அஸ்தம்பட்டி:
உண்மைதான் தம்பி. 1894-லிருந்து 1977 வரை அதில் விளக்கு எரிந்தது. அதற்கு முந்தைய லைட்ஹவுஸும் அதே வளாகத்தில்தான் நிற்கிறது, 1844-ல் கட்டிய கல்தூண். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதே, அதில் ஒன்று இந்த வளாகத்திலும் விழுந்தது. மதில் பக்கம் கல்வெட்டு இருக்கும், தேடிப் பாருங்கள். அம்மா, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கோர்ட் நடக்கிற நாளில் உள்ளே விடுவது கேட்டில் நிற்பவர் கையில்.

அம்மாபேட்டைக்காரி:
ரொம்ப நன்றிங்க ஐயா. தாத்தாவிடம் போனில் சொன்னேன். "அப்போ கோர்ட்டு எங்கடி நடந்துச்சு, புளியமரத்தடியிலயா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். பென்டிங்க் பில்டிங் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எழுத்துக் கூட்டிச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றார்.