மறு: பூட் லோடருக்குத் தமிழ்ச்சொல்: துவக்கியா, கருவேற்றியா, தொடக்க ஏற்றியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டில் விண்டோஸ் எக்ஸ்பி இயலுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. கணினியைப் போட்டதும் கருந்திரையில் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்து நிற்கும். அதைத் தமிழில் ஒரு வரியாகச் சொல்ல வேண்டும். என்டிஎல்டிஆர் என்பதே 'என்டி லோடர்' என்பதன் சுருக்கம்; அதாவது அது ஒரு பூட் லோடர், கணினி கிளம்பும்போது இயங்குதளத்தை எழுப்பும் நிரல். பேரகராதிகளில் தேடிப் பயனில்லை. 'பூட்' என்பது சப்பாத்து வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. அதை அப்படியே பெயர்த்தால் காலணிக் கடைக்குத்தான் போய்ச் சேருவோம்.

சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையிலேயே இருக்கும் பயாஸ் என்ற நிரல் தன் சோதனைகளை முடித்து, வட்டின் முதல் 512 பைட்டை நினைவகத்துக்குக் கொண்டுவரும். அதில் 446 பைட் நிரல், 64 பைட் பகுதி (பார்ட்டிஷன்) அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். இந்தச் சின்ன நிரல் அட்டவணையைப் பார்த்து, 'செயலில்' என்று குறிக்கப்பட்ட பகுதியின் முதல் கூறை (செக்டரை) படிக்கும். அந்தக் கூறில் உள்ள நிரல், அப்பகுதியின் வேர்க் (ரூட்) கோப்புறையில் என்டிஎல்டிஆரைத் தேடும். கிடைத்தால் என்டிஎல்டிஆர், இயங்குதளங்களின் பட்டியல் உள்ள பூட்.ஐஎன்ஐ கோப்பைப் படித்து, என்டிடிடெக்ட்.காம் வழியாக வன்பொருளைக் கணக்கெடுத்து, பிறகே இயங்குதளத்தின் மையமான கருவை (கெர்னலை) நினைவகத்தில் ஏற்றும். ஆக நாம் பெயர் வைக்கப்போவது நடுவில் நிற்கும் ஒருவருக்கு. முதல் 512 பைட்டும் அவரில்லை, கருவும் அவரில்லை.

என் முன்மொழிவு: துவக்கி. சுருக்கமாக இருக்கிறது, பட்டியிலும் பொத்தானிலும் அடங்கும்.

– கோவை

———

> என் முன்மொழிவு: துவக்கி.

அண்ணை, எங்கட பக்கம் 'துவக்கு' எண்டால் துப்பாக்கி. 'துவக்கியைக் காணவில்லை' எண்டு திரையில வந்தால் யாழ்ப்பாணத்தில ஆள் வேற மாதிரி யோசிப்பான்.

பகிடி கிடக்கட்டும். இலக்கியத் தமிழுக்கும் 'தொடக்கம்' தான் நேரான வடிவம், 'துவக்கம்' அதன் திரிபு. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் வாசிக்கப்போகும் கையேடு எண்டால் தொடக்கத்தையே பிடியுங்கோ. ஏற்கெனவே நீங்கள் 'இயங்குதளம்' எண்டு எழுதுகிறதை எங்கள் பாடப்புத்தகம் 'பணிசெயல் முறைமை' என்கிறது. 'கணினி' எங்களுக்குக் 'கணனி'. இருக்கிற வேறுபாடு காணும், புதுசாக ஒன்றும் வேண்டாம்.

– யாழ்ப்பாணம்

———

ஐயா,

'பூட்டு' என்ற சொல்லை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். கிளம்புவதற்கு ஆயத்தம் செய்வதுதானே இங்கும் நடப்பது? மாட்டை நுகத்தில் பிணைத்தால்தான் வண்டி நகரும். இயங்குதளத்தை வன்பொருளோடு பிணைத்தால்தான் கணினி நகரும். ஒலியும் ஒத்துப்போகிறது. கடைகளில் 'பூட் ஆகல' என்று சொல்பவர்கள் ஓர் உகரம் சேர்த்தால் போதும். பூட்டு + ஏற்றி = பூட்டேற்றி.

– மதுரை

———

> பூட்டு + ஏற்றி = பூட்டேற்றி.

இவ்வளவு அழகான சொல்லை மறுக்க மனம் வரவில்லை, ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது. 'கோப்பு பூட்டப்பட்டுள்ளது', 'திரையைப் பூட்டு' என்று கணினியில் பூட்டு ஏற்கெனவே சாவியோடு சேர்ந்துவிட்டது. பயாஸில் பூட் வரிசையும் கடவுச்சொல்லும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் இருக்கும். அங்கே 'பூட்டு வரிசை' என்று எழுதினால் எது திறப்பது, எது அடைப்பது என்று படிப்பவர் திணறுவார்.

வேலை செய்பவன் பார்வையில் இன்னொன்று. சொல்லைவிட 'மிஸ்ஸிங்' என்பதை எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்பதே எனக்குக் கவலை. 'இல்லை' என்றோ 'அழிந்துவிட்டது' என்றோ எழுதிவிடாதீர்கள். அந்த வரி வந்து நிற்கும் கணினிகளில் பலவற்றில் கோப்பு பத்திரமாகவே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது நெகிழ்வட்டு இயக்கியும் யுஎஸ்பி துளையும். எக்ஸ்பியில் ஒழுங்குபடுத்திய (ஃபார்மட் செய்த) வெறும் நெகிழ்வட்டின் முதல் கூறிலும் என்டிஎல்டிஆரைத் தேடும் அதே நிரல்தான் இருக்கிறது. அதை உள்ளே மறந்துவிட்டுக் கணினியைப் போட்டால், வன்தட்டைத் தொடாமலே அதே செய்தி வரலாம். யுஎஸ்பியை முதலில் பார்க்கும்படி பயாஸ் இருந்தால் பென்டிரைவும் இதையே செய்யலாம். எடுத்துவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

அடுத்து பயாஸ். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையின் சிஆர்2032 காசு மின்கலம் தீர்ந்திருக்கிறது. 3 வோல்ட் புதுக் கலம் ஒன்றைப் போட்டு, பூட் வரிசையை மறுபடி அமையுங்கள். இரண்டு வன்தட்டு உள்ள கணினியில் வரிசை மாறி, வெறும் தரவு வட்டு முன்னால் வந்திருக்கும். பயாஸில் வன்தட்டின் பெயரே தெரியாவிட்டால் பழைய 40 ஊசி ஐடிஇ நாடாவை (வன்தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் கேபிளை) இரு முனையிலும் கழற்றி அழுத்திப் பொருத்துங்கள். பெயர் வந்து வந்து மறைந்தால் வட்டு சாகப்போகிறது. பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் தரவை வெளியே எடுங்கள்.

விண்டோஸ் 2000 காலத்து விசித்திரம் ஒன்றும் உண்டு. சி வட்டின் வேரில் ஏராளமான கோப்புகளைக் கொட்டிவைத்தால் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையின் அட்டவணை ஒரு தொகுதியில் அடங்காமல் இரண்டாவதற்கு வழியும். பெயர்கள் அகர வரிசையில் அடுக்கப்படுவதால், 'என்' எழுத்தில் தொடங்கும் என்டிஎல்டிஆர் இரண்டாம் தொகுதிக்குத் தள்ளப்படலாம். பழைய தொடக்க நிரலுக்கு அதுவரை போய்ப் பார்க்கத் தெரியாது. கோப்பு இருக்கும், ஆனால் அதன் கண்ணில் படாது.

ஆகவே 'காணவில்லை'. தேடிய இடத்தில் தேடியவருக்குத் தென்படவில்லை என்ற பொருள் அதில் மட்டுமே இருக்கிறது. செய்தித்தாளில் ஆளைக் 'காணவில்லை' என்று போடுவதும் அவர் எங்கோ இருப்பார் என்ற நம்பிக்கையில்தானே!

– திருச்சி

———

'காணவில்லை'க்கு என் ஓட்டும்.

பெயரைப் பற்றி. 'கருவேற்றி' என்று வைத்தால் என்ன? கரு + ஏற்றி, நடுவில் வகர உடம்படுமெய். கோவை நண்பர் சொன்ன வேலையை அப்படியே சொல்கிறது, கருவை ஏற்றுவது. சொற்கட்டும் இறுக்கம்.

– சிங்கப்பூர்

———

> கருவை ஏற்றுவது.

எப்போதும் அல்ல. விண்டோஸ் 98-உம் எக்ஸ்பியும் ஒரே கணினியில் இருந்தால், பூட்.ஐஎன்ஐ பட்டியலில் 98-ஐத் தேர்ந்தவுடன் என்டிஎல்டிஆர் எந்தக் கருவையும் தொடாது. பூட்செக்ட்.டாஸ் என்ற கோப்பில் சேமித்துவைத்த பழைய தொடக்கக் கூறை நினைவகத்தில் வைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லினக்ஸின் பூட் லோடரான க்ரப்-உம் விண்டோஸுக்கு இப்படித்தான் வழிவிடுகிறது. ஏற்றுவது உறுதி, எதை ஏற்றும் என்பது உறுதியில்லை. பெயரில் 'கரு' வேண்டாம்.

'ஏற்றி' நிற்கட்டும். பதிவேற்று, பதிவிறக்கு என்று குடும்பம் இருக்கிறது. கடைப் பேச்சில் 'ஓஎஸ் ஏத்தணும்' என்றால் புதிதாக நிறுவுவது என்று பொருள், அது ஓர் இடையூறுதான். ஆனால் எழுத்தில் அதற்கு 'நிறுவு', 'நிறுவி' நிலைத்துவிட்டதால் குழப்பம் தங்காது.

– திருச்சி

———

இலக்கணம் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. 'ஏற்றி' என்பது பெயராகவும் வரும், வினையெச்சமாகவும் வரும். 'தொடக்க ஏற்றி காணவில்லை' என்று யாராவது எழுதினால், எதையோ ஏற்றிவிட்டுப் பிறகு காணவில்லை என்று படிக்க இடமுண்டே?

– சிங்கப்பூர்

———

உருபை விரித்தால் தீர்ந்தது. 'தொடக்க ஏற்றியைக் காணவில்லை.' வினையெச்சம் வேற்றுமை உருபை ஏற்காது. 'உலாவி'யும் இதே வாய்பாடுதான். அதை யாரும் 'உலாவிவிட்டு' என்று படிப்பதில்லை.

பூட்டேற்றியை மீட்டுக்கொள்கிறேன், வருத்தத்தோடு.

– மதுரை

———

அன்பர்களுக்கு,

'தொடக்க' என்ற அடைக்கு இன்னொரு வலு: ரீபூட்டுக்கு 'மறுதொடக்கம்' என்பது ஏற்கெனவே திரைகளில் பழகிவிட்டது. அப்படியானால் பூட் 'தொடக்கம்' ஆவதே முறை. தொடக்க வரிசை, தொடக்கக் கூறு, தொடக்க வட்டு, தலைமைத் தொடக்கப் பதிவு எல்லாம் தாமாக வந்து உட்காருகின்றன. விஸ்டாவிலிருந்து என்டிஎல்டிஆரின் இடத்தில் வரும் கோப்பைத் 'தொடக்க மேலாளர்' எனலாம். (அதன் ஆங்கிலப் பெயரை நம் ஆட்கள் 'பூட் எம்ஜிஆர்' என்று படிப்பதை எந்தக் கலைச்சொல்லாலும் தடுக்க முடியாது.) பூட் மெனுவை மட்டும் 'தொடக்கப் பட்டி' எனக் கூடாது, ஸ்டார்ட் மெனுவோடு மோதும். 'தொடக்கத் தேர்வு' என்று வைத்திருக்கிறேன்.

இந்தச் சொற்களை வைத்து வரைவு கீழே. பிழை இருந்தால் வெட்டுங்கள்.

"நெகிழ்வட்டு, பென்டிரைவ், தொடக்க வரிசை, நாடா எல்லாம் சரியாக இருந்தும் 'தொடக்க ஏற்றியைக் காணவில்லை' என்ற செய்தி நீடித்தால், எக்ஸ்பி குறுவட்டிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். வரவேற்புத் திரையில் ஆர் விசையை அழுத்தினால் மீட்பு முனையம் (ரெக்கவரி கன்சோல்) வரும். நிறுவல்களின் பட்டியலில் உங்களுடையதன் எண்ணை, பெரும்பாலும் 1, தட்டச்சிட்ட பிறகே என்டர் அழுத்துங்கள். வெறும் என்டர் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். பிறகு நிர்வாகி கடவுச்சொல். அமைத்த நினைவு இல்லாவிட்டால் வெறுமையாக விட்டுப் பாருங்கள். மூன்று முறை தவறினால் மறுபடி முதலிலிருந்து.

மேப் கட்டளையைக் கொடுத்துக் குறுவட்டு இயக்கியின் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டி என்று நினைத்தது இ-யாக இருக்கலாம். காப்பி கட்டளையால் குறுவட்டின் ஐ386 கோப்புறையிலிருந்து என்டிஎல்டிஆரையும், அடுத்து என்டிடிடெக்ட்.காமையும் சி வட்டின் வேருக்கு நகலெடுங்கள். இங்கே உடுக்குறி (*) போட்டு மொத்தமாக நகலெடுக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான். பழைய கோப்பின் மேல் எழுதலாமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். குறுவட்டை வெளியே எடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

அப்போதும் அதே செய்தி என்றால் மீண்டும் முனையத்துக்கு வந்து ஃபிக்ஸ்பூட். இது தொடக்கக் கூறைப் புதிதாக எழுதும். ஃபிக்ஸ்எம்பிஆர் கடைசிக் கட்டளை; வட்டின் முதல் 512 பைட்டான தலைமைத் தொடக்கப் பதிவைப் புதிதாக எழுதும். தலைமைத் தொடக்கப் பதிவில் க்ரப் இருந்தால் அது அழிந்து, லினக்ஸுக்குப் போகும் வழி அடைபடும்."

– கோவை

———

வரைவு நன்று. விடுபட்டவை:

குறுவட்டின் பதிப்பு. விண்டோஸ் 2000 குறுவட்டிலிருந்து எடுத்த என்டிஎல்டிஆர் எக்ஸ்பியைத் தொடங்காது. எக்ஸ்பியினுடையது 2000-ஐத் தொடங்கும். புதியது பழையதைத் தூக்கும், பழையது புதியதைத் தூக்காது.

ஐடிஇ-க்குப் பின் வந்த சாட்டா இணைப்பு வட்டு உள்ள கணினியில் எக்ஸ்பி குறுவட்டு வன்தட்டையே பார்க்காமல் போகலாம். பயாஸில் வட்டு இணைப்பை ஏஹெச்சிஐ முறையிலிருந்து ஐடிஇ முறைக்கு மாற்றிவிட்டு முனையத்துக்குள் போங்கள்.

செய்தி மாறினால் நோயும் மாறிவிட்டது. 'என்டிஎல்டிஆர் இஸ் கம்ப்ரெஸ்டு' என்றால் யாரோ இடம் மிச்சம் பிடிக்க சி வட்டு முழுவதையும் சுருக்கியிருக்கிறார்கள். தொடக்கக் கூறுக்கு விரிக்கத் தெரியாது, நகலெடுத்தால் சரியாகும். 'என்டிடிடெக்ட் ஃபெயில்டு' என்றால் இரண்டாவது கோப்பு மட்டும் போதும். பூட்.ஐஎன்ஐ பழுது என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஏறினால் பயப்பட வேண்டாம்; பூட்சிஎஃப்ஜி கட்டளையை ரீபில்டு என்ற தெரிவோடு கொடுத்து அந்தக் கோப்பை மட்டும் புதிதாக ஆக்கலாம். கையால் எழுதுபவர்கள் கவனிக்க: அதில் வட்டின் எண் 0-விலிருந்தும், பகுதியின் எண் 1-லிருந்தும் தொடங்கும். பாதிப் பேர் விழுவது இந்த இடத்தில்.

குறுவட்டு இயக்கி செத்த கணினிக்கு நெகிழ்வட்டு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு எக்ஸ்பியில் நெகிழ்வட்டை ஒழுங்குபடுத்தி, என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட்.காம், பூட்.ஐஎன்ஐ மூன்றையும் அதில் போடுங்கள். மூன்றும் சேர்ந்து 300 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு, 1.44 மெகாபைட்டில் தாராளமாக அடங்கும். பூட்.ஐஎன்ஐ பழுதான கணினியின் பகுதி எண்ணைச் சுட்ட வேண்டும். விண்டோஸ் 98-இல் ஒழுங்குபடுத்தினால் ஆகாது, அதன் தொடக்கக் கூறு ஐஓ.சிஸ் என்ற வேறு கோப்பைத் தேடும். இந்த வட்டிலிருந்து எக்ஸ்பி ஏறிவிட்டால் மூன்றையும் சி வேருக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கோப்புறை அமைப்பை மாற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். முடிந்ததும் மறுபடி மறைத்துவிடுங்கள். வேரைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது இந்த மூன்றும்தான்.

– திருச்சி

———

சேர்த்துவிட்டேன். 'தொடக்க ஏற்றி' முடிவு. கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பூட் லோடர் எனப்படும்' என்று அடைமொழி இருக்கும், கடைக்காரரிடம் பேசும்போது உதவும்.

பார்ட்டிஷனைச் சிலர் 'பிரிவு' என்கிறார்கள், செக்டரையும் அதே சொல்லால் சொல்கிறார்கள். வரைவில் முன்னதற்குப் 'பகுதி', பின்னதற்குக் 'கூறு' என்று வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பருக்கு இது சரிப்படுமா?

– கோவை

———

'கூறு' சரி, அண்ணை. 'பகுதி'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லக் கிடக்கு. அதுக்குத் தனி இழை திறவுங்கோ.

– யாழ்ப்பாணம்