பத்மநாபபுரம்: கோட்டைக்குள் ஓட்டு வீடா, வெளியே புது வீடா?

புதுவரவு: வேலை நாகர்கோவிலில். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள 6 சென்டில் பழைய ஓட்டு வீடு விலைக்கு வருது. வாங்கலாமா?

கழுக்கோல்: தாராளமா. பக்கத்துத் தக்கலையில நின்னா நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ், ரயிலுக்கு இரணியல். இந்த விலைக்கு அயனி மர உத்தரம் வேற எங்க கிடைக்கும்?

பத்திரக்காரன்: உத்தரம் இருக்கட்டும் ஓய், மூலப்பத்திரத்தைப் பாரும். 1956 நவம்பர் 1 வரை இது தமிழ்நாடே இல்ல. பழைய பத்திரம் மலையாளத்துல, கொல்லம் ஆண்டுல இருக்கும். 1110-ன்னா 825 கூட்டி 1935. ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் 824 கூட்டணும். கம்ப்யூட்டர் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால எட்டாது, மனு போட்டுக் கையால தேட வைக்கணும். மருமக்கள்வழி, அதாவது பெண்வழியா இறங்குற குடும்பச் சொத்துன்னா பாகப்பத்திரம் கட்டாயம். பெண்வழியில ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கேஸுதான்.

கழுக்கோல்: அது ஒத்துக்கிடுதேன். ஆனா வீட்டைப் பாக்கத் தெரியணும். கழுக்கோல், அதான் ஓட்டைத் தாங்குற சாய்வுக் கட்டை, சுவர்ல உக்காரும் முனையைத் திருப்புளியால குத்துங்க. ஒரு விரற்கடை இறங்கினா உளுத்தாச்சு. இடையில ரப்பர் மரம் மாத்தியிருந்தா கரையான் அங்கதான் முதல்ல ஏறும். ஒழுக்குக்கு ஓட்டைத் திட்டாதீங்க, ரெண்டு கூரை சேரும் பள்ளத்துத் தகரம்தான் துருப்பிடிச்சிருக்கும். சுண்ணாம்புச் சுவர் மேல சிமென்ட் பூசியிருந்தா ஈரம் வெளியேற வழியில்லாம பாளம் பாளமா கழண்டு விழும். அதைக் கொத்தி எடுத்துட்டு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல்ல பூசணும். ஐப்பசி மழையில போய்ப் பாருங்க. சித்திரையில எல்லா வீடும் நல்ல வீடுதான்.

பத்திரக்காரன்: காசு? லோனுக்கு பேங்க் மண்ணுக்குத்தான் விலை போடும், பழைய கட்டடத்துக்குச் சொற்பம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கையில இருந்து போகும். பிறகு கிணறு. கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி வேணும். 30 அடி அகலம்னா 6 சென்ட் நீளம் 87 அடி. உம்ம குழியை முன்னால தள்ளலாம், பக்கத்து வீட்டுக் குழியை யாரு தள்ளுவா?

புதுவரவு: இடிச்சுக் கட்டினா கோட்டைக்குள்ள இருக்கிற அரண்மனைக்காரங்க தடுப்பாங்களா அண்ணாச்சி?

பத்திரக்காரன்: அரண்மனை கேரளத் தொல்லியல் துறை கையில, உங்க பட்டா தமிழ்நாட்டுல. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே நகராட்சியில எழுதிக் கேளுங்க. வாய்ச்சொல் உதவாது. இதுக்கெல்லாம் வெளியே புது வீடே மேல்.

கழுக்கோல்: புது வீடு எதுல நிக்குது? பட்டாவுல நஞ்சைன்னு இருந்தா வயலை நிரப்பின மண்ணு. அது அமுங்கினா தரை வெடிக்கும். அஸ்திவாரம் நிரப்பு மண்ணைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொட்டிருக்கான்னு கட்டினவர்ட்ட கேளுங்க. முழிச்சார்னா திரும்பி வந்துருங்க.