கெய்தொண்டே ஓவியங்களின் பின்புலம்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இந்திய ஓவியர் வாசுதேவ் கெய்தொண்டேயின் (1924–2001) கலை ரசனை குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்ற அவர், இந்தியச் சிற்றோவிய மரபிலும் பின்னர் சுவிஸ்-ஜெர்மானிய ஓவியர் பால் க்ளேயின் கோடுகளிலும் தோய்ந்து, உருவங்களை மெல்லக் கைவிட்டு, ஜென் பௌத்தத்தின் மௌனத்தை நோக்கி நகர்ந்தார் என்பது வரை எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால், உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றியும் வழித்தும் அவர் வரைந்த முறைக்கும், 1964-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நல்கையில் நியூயார்க் சென்றபோது அங்கே கண்ட ஓவியங்களுக்கும் எவ்வளவு தொடர்பு உண்டு என்பதில்தான் தேங்கி நிற்கிறேன். அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் சாயல் என்று சொல்லி முடித்துவிடுவது எனக்கு அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. இது பற்றி விரிவாகப் பேசும் நூலோ கண்காட்சிக் கையேடோ அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். தம் ஓவியங்களை ‘அரூபம்’ (abstract) என்று அழைப்பதை ஏற்காமல் ‘பொருள் சாராதவை’ (non-objective) என்றே அவர் குறிப்பிட்டார். அதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.