80 தாண்டினால் கத்தியே வேண்டாமா? (முகத்துத் தோல் புற்றும் கதிர்வீச்சும்)

வெட்டுக்கிளி:
'முதியோர் நலம்' பகுதியில் கதிர்வீச்சுத் துறைக்காரர் கோபால்ட்60 எழுதியதைப் படித்துவிட்டு, அறுவை செய்கிற எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொன்னது அப்படியே: "80 தாண்டியவருக்கு முகத்தில் தோல் புற்று வந்தால் கத்தியைத் தொடவே வேண்டாம். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதும். பலன் இரண்டிலும் ஒன்றுதான்." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

ஒன்றுதானா? பிரான்சில் 1982லிருந்து 1988 வரை 347 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் முகத்தில் பேசல் செல் கட்டி (தோல் புற்றில் அதிகம் வரும் வகை), 4 சென்டிமீட்டருக்குள். குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பக்கத்துக்கு அறுவை, மறு பக்கத்துக்குக் கதிர்வீச்சு. முடிவு 1997ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் வந்தது. 4 வருடத்தில் அறுவை தோற்றது 0.7 சதவீதம். கதிர்வீச்சு தோற்றது 7.5. பத்து மடங்குக்கு மேல். தழும்பு பார்க்க நன்றாக இருக்கிறது என்றவர்கள் அறுவையில் 87, கதிர்வீச்சில் 69. இதுதான் உங்கள் ஊரில் 'ஒன்றுதான்' என்றால் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கோபால்ட்60:
எனக்கென்று தனி இழையே திறந்துவிட்டார், நன்றி. செக்கெண்ணெய் பற்றிய விவாத இழையில் என்னிடம் வாங்கியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

தம்பி, 7.5 என்று கத்துவதற்குப் பதில் 92.5 பேருக்குச் சரியானது என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது. அப்புறம் ஒன்றை வசதியாக விட்டுவிட்டீர்கள். அந்த ஆய்வில் கதிர்வீச்சு வாங்கியவர்களில் 55 சதவீதம் பேருக்கு உள்ளே கம்பி செருகும் பிராக்கிதெரபி. 33 சதவீதத்துக்குக் குழாயைத் தோலை ஒட்டி வைக்கும் காண்டாக்ட் எக்ஸ்ரே. வழக்கமான முறையில் வாங்கியவர்கள் வெறும் 12. 40 வருடத்துக்கு முந்தைய கலவையை வைத்து இன்றைய மெஷினுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

வெட்டுக்கிளி:
முதலில், நான் உங்களுக்குத் தம்பி இல்லை.

இரண்டாவது, அந்த மூன்று முறையும் கதிர்வீச்சா இல்லையா? ஆமாம் என்றால் 7.5. இல்லை என்றால் வேறு குலுக்கல் ஆய்வைக் காட்டுங்கள். காட்ட முடியாது. அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் பார்த்துக் கதிர் கொடுக்கிறோம் என்று தோல் கிளினிக்குகள் 99 சதவீதம் குணம் என விளம்பரம் போடுகின்றன. அது பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டி எடுத்த எண். குலுக்கல் கிடையாது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனி பில் மட்டும் உண்டு.

பூவரசு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எந்தத் தோல் புற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பேசலா, ஸ்குவாமஸா, மெலனோமாவா? எல்லாவற்றுக்கும் ஒரே பதிலா? பேசல் பரவுவது மிக மிக அபூர்வம் என்றும், ஸ்குவாமஸ் காது, உதடு பக்கம் வந்தால் நெறி கட்டிப் பரவலாம் என்றும் படித்தேன். அதை முதலில் பிரித்துக்கொண்டால் நல்லது.

கோபால்ட்60:
விளம்பரத்தை நான் இங்கே கொண்டுவந்தேனா? அமெரிக்காக்காரன் பில் போட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பா? 1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். நாலே வருடத்தில், 1899ல், ஸ்டாக்ஹோமில் ஸ்டென்பெக்கும் ஷோக்ரெனும் தோல் புற்றை அதே எக்ஸ்ரேயால் குணப்படுத்திக் காட்டிவிட்டார்கள். கதிர்வீச்சு முதன்முதலில் ஜெயித்த புற்றே இதுதான். இந்த வைத்தியத்துக்கு உங்கள் சான்றிதழ் தேவையில்லை.

சரி, எண்ணுக்கு எண் வேண்டுமா? நெதர்லாந்தில் முகத்துப் பேசல் கட்டிகளுக்குச் சாதாரண அறுவையையும் மோஸ் அறுவையையும் (அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொன்றையும் உடனே நுண்ணோக்கியில் பார்க்கும் முறை) ஒப்பிட்டார்கள். 2014ல் வந்த 10 வருடக் கணக்கில், முதல் தடவை வந்த கட்டிகளில் சாதாரண அறுவைக்குப் பிறகு திரும்ப வந்தது 12.2 சதவீதம். மோஸில் 4.4. உங்கள் 0.7 எங்கே போயிற்று?

வெட்டுக்கிளி:
10 வருடத்தையும் 4 வருடத்தையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அது திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள கட்டிகளாகப் பார்த்துச் சேர்த்த ஆய்வு. பிரெஞ்சு ஆய்வு கத்தியையும் கதிரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. நேருக்கு நேர் வந்தபோது 7.5.

மெல்பேர்ன் மைதிலி:
நான் இங்கே முதியோர் இல்லத்தில் நேர்ஸ். உங்கள் இரண்டு பேருடைய கதையையும் வாசிக்கச் சிரிப்புத்தான் வருகுது. அவுஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு தோல் புற்று வருகிற நாடு இது. வெள்ளைத் தோல், வாழ்நாள் முழுக்க வெயில். எங்கட இல்லத்தில் மூக்கிலோ காதிலோ பிளாஸ்டர் ஒட்டாத ஆட்களைத் தேட வேணும்.

90 வயது, மறதி நோய், தன்ர பெயரே தெரியாது. அவரிடம் உங்கட 10 வருடக் கணக்கைக் காட்டி என்ன செய்யப் போறீங்கள்? அதே நேரம், கதிர்வீச்சு லேசு என்று சொல்கிற ஐயா ஒருக்கா வந்து பாருங்கோ. கிழமையில் ஐந்து நாள், நாலு கிழமை. ஒவ்வொரு நாளும் வீல்செயர் டாக்ஸி, கூட ஒரு ஆள், அரை நாள் போச்சு. சிகிச்சை ஐந்து நிமிசம், அலைச்சல் நாலு மணித்தியாலம்.

கோபால்ட்60:
மைதிலி அம்மா, 20 சிட்டிங் என்பது தெம்பாக இருப்பவருக்கு. தளர்ந்தவருக்கு வாரம் ஒன்று, 5 அல்லது 6 தடவையோடு முடிக்கும் முறை இருக்கிறது. சில இடங்களில் ஒரே தடவையில் கொடுப்பதும் உண்டு. இதையெல்லாம் சொல்லாமல் பயமுறுத்தாதீர்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூக்கு என்றால் மோல்டு அறையில் முகத்துக்கு அச்சு எடுத்து, கட்டியைச் சுற்றி அரை விரற்கடைக்குக் கூடுதலாக விட்டு ஈயத் தகட்டில் துளை வெட்டுவோம். மூக்குத் துவாரத்துக்குள் மெழுகு பூசிய ஈயத் துண்டு போகும், உள் சவ்வு வெந்துவிடக் கூடாது என்பதற்காக. கண்ணோரம் என்றால் மரக்கும் சொட்டு விட்டு இமைக்கு அடியில் சின்ன ஈயக் கவசம் வைப்போம். என் தலை நரைத்ததே இந்த அறைகளில்தான். ஊசி இல்லை, தையல் இல்லை. சிவக்கும், பொருக்கு கட்டும், முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் நாலாறு வாரத்தில் ஆறிவிடும்.

வெட்டுக்கிளி:
இமைக்கு அடியில் ஈயத்தைச் செருகுவது 'ஊசி இல்லை, தையல் இல்லை' என்ற கணக்கில் சேரும். ஆனால் நான் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து 40 நிமிடத்தில் வெட்டித் தைத்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பினால் அது கொடுமை! முழு மயக்கம் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் பெரும்பாலும் அதை நிறுத்தாமலே செய்துவிடலாம்.

அப்புறம், ஆறிவிடும் என்றாரே, எங்கே ஆறும்? முழங்காலுக்குக் கீழே கொடுத்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் குறைந்த கிழக் காலில் புண் மாதக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கதிர் கொடுத்த இடத்தில் திரும்ப வந்தால் மறுபடி கதிர் கொடுப்பது கஷ்டம். வெட்டலாம் என்று என்னிடம்தான் அனுப்புவீர்கள். அப்போது அந்தத் தோல் தையலைப் பிடிக்காது. 7.5 பேர் என்று லேசாகச் சொல்கிறீர்களே, அந்த 7.5 பேரும் என் டேபிளுக்குத்தான் வருகிறார்கள்.

கோபால்ட்60:
தலைப்பிலேயே 'முகத்து' என்று நீங்கள்தான் போட்டீர்கள். இப்போது ஏன் முழங்காலுக்கு இறங்கினீர்கள்? மேலே சரக்குத் தீர்ந்துவிட்டதா?

சைக்கிள்காரன்:
எனக்கு ஒரு சந்தேகம். கதிர்வீச்சே புற்றைக் கொண்டுவரும் இல்லையா? இஸ்ரேலில் 1950களில் படர்தாமரைக்காகக் குழந்தைகள் தலையில் எக்ஸ்ரே கொடுத்து, பின்னாளில் அவர்களுக்கே தோல் புற்றும் மூளைக் கட்டியும் வந்ததே.

கோபால்ட்60:
அது குழந்தைகளுக்கு. அந்தப் பின்விளைவு வரப் பத்து இருபது முப்பது வருடம் ஆகும். அதனால்தான் இளவயதில் தவிர்க்கிறோம், 80ல் கொடுக்கிறோம். வயதுதான் இங்கே சாதகம். இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

வெட்டுக்கிளி:
முதல் பதிவில் சொன்னது 'பலன் ஒன்றுதான்'. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. கோர்லின் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருப்பவருக்குக் கதிர் கொடுத்தால் அந்த இடத்திலேயே புதுசு புதுசாகப் பேசல் முளைக்கும். அதையும் சொல்லவில்லை.

மெல்பேர்ன் மைதிலி:
இரண்டு பேரும் மூன்றாவது வழியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் அப்படி விட்ட ஆட்களைப் பின்தொடர்ந்து 2021ல் எழுதினார்கள். பாதிப் பேருக்கு வயது 83ஐத் தாண்டியது. பேசல் கட்டிகளில் கிட்டத்தட்ட பாதி வளரவே இல்லை. எங்கட ஆட்களில் நிறையப் பேருக்கு அதுதான் சரி. பிள்ளைகள்தான் வெட்டுங்கோ, சுடுங்கோ என்று நிற்கினம்.

வெட்டுக்கிளி:
மீதிப் பாதி வளர்ந்ததே, அதைச் சொல்லவில்லையே! கண்ணோரத்தில் வளர்ந்து எலும்புக்குள் இறங்கிய கட்டியை டிரஸ்ஸிங் பண்ணியிருக்கிறீர்களா அக்கா?

மெல்பேர்ன் மைதிலி:
அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு என்னட்டையே இதைக் கேட்கிறீரா? நீர் வெட்டிப்போட்டுப் போன பிறகு ஒவ்வொரு நாளும் டிரஸ்ஸிங் மாற்றுகிற ஆள் ஆர் என்று நினைக்கிறீர்?

பூவரசு:
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. பேசலா ஸ்குவாமஸா?

திருநெல்வேலி அல்வா:
எதற்கு இவ்வளவு சண்டை? இது வெள்ளைக்காரன் வியாதி. நம் தோலுக்கு வராது. மஞ்சள் பூசிக் குளித்த தலைமுறை நாம்.

கோபால்ட்60:
வராதா? வெயிலால் வரும் பேசல் நம்மிடம் குறைவு, தோலின் நிறம் காக்கிறது. ஆனால் பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத கால் புண்ணிலும் ஸ்குவாமஸ் வருவதை அடையாறு, மதுரை, எந்த மருத்துவமனை ஆளிடமும் கேட்டுப் பாருங்கள். காஷ்மீரில் குளிருக்குக் கங்ரி நெருப்புச் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வார்கள். தொடையிலும் வயிற்றிலும் வருகிற புற்றுக்குக் கங்ரி கேன்சர் என்றே பெயர். மஞ்சள் ஒன்றும் செய்யாது.

திருநெல்வேலி அல்வா:
மஞ்சளைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? குர்குமினுக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கப் போனது எதற்காம்?

வெட்டுக்கிளி:
மஞ்சள் பேட்டன்ட் காயம் ஆற்றுவதற்கு. 1995ல் கொடுத்தார்கள், இந்தியா அங்குள்ள பேட்டன்ட் அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்டு 1997ல் ரத்து செய்ய வைத்தது. புற்றுக்கு அல்ல. ஆனால் கோபால்ட்60 இங்கே தழும்பையும் கால் புண்ணையும் இழுத்தது எனக்கு வசதி. அந்த வகைக்கு முதல் வைத்தியம் எது? கத்தி. நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

கோபால்ட்60:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. திரித்துப் பேசுவது உங்களுக்குப் புதிதல்ல. ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்போது ரீனியம்-188 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த களிம்பைக் கட்டியின் மேல் ஒரு படலத்தின் மீது தடவி, ஒரே தடவையில் முடிக்கிறார்கள். உலகம் எங்கே போகிறது, நீங்கள் 1982லேயே நிற்கிறீர்கள்.

வெட்டுக்கிளி:
அது 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேலை செய்யாது. அதற்குக் குலுக்கல் ஆய்வு எங்கே? 7.5ஆவது உண்டா, அதுவும் இல்லையா?

கோபால்ட்60:
இந்த ஆளோடு பேசிப் பயனில்லை. இதுதான் என் கடைசிப் பதிவு.

திருநெல்வேலி அல்வா:
செக்கெண்ணெய் இழையிலும் இதையேதான் சொன்னீர்கள்.

கோபால்ட்60:
அங்கே நான் சொன்னது மட்டுறுத்துநர் என் பதிவை வெட்டியதற்காக. இரண்டும் ஒன்றா? அந்தப் பதிவை ஏன் தூக்கினார்கள் என்று இன்றுவரை விளக்கம் கிடையாது.

வெட்டுக்கிளி:
ஏனென்றால் அதில் என்னைக் கசாப்புக்காரன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டுமானால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் போடுகிறேன்.