பி-லைனுக்கு ‘நீர்க்கோடு’ வேண்டாம், ‘விழுதுக்கோடு’ சரிவரும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அவசரப் பிரிவில் நோயாளியின் பக்கத்திலேயே ஸ்கேன் வைத்துப் பார்ப்பதற்குப் ‘படுக்கையருகு மீயொலி’ என்ற தமிழ்ச்சொல்லை நம் கலைச்சொல் விவாதத்தில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டாயிற்று. எனக்கும் சரி. ஆனால் பி-லைனுக்கு, அதாவது நுரையீரலை ஸ்கேன் செய்யும்போது திரையில் சில நேரம் மேலிருந்து கீழாக இறங்கும் வெள்ளைப் பட்டைக்கு, வந்திருக்கும் ‘நீர்க்கோடு’ என்ற முன்மொழிவை ஏற்க மனம் வரவில்லை.

மூச்சு முட்டி ஒருவர் வருகிறார். படுக்க வைத்தால் இன்னும் திணறுகிறார், நெஞ்சில் விசில் சத்தம் வேறு. இதயத்தால் வந்ததா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா? முன்னதற்கு நீரை வெளியேற்றும் ஊசி, பின்னதற்கு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பிப் பிரித்துச் சொல்வது கஷ்டம். எக்ஸ்ரேயும் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். அந்த நேரத்தில்தான் ஸ்கேன் கருவியின் கைப்பிடியான புரோபை விலா இடுக்கில் வைக்கிறோம்.

இரண்டு விலா எலும்புகளின் கறுத்த நிழல், நடுவே வெள்ளையாக மின்னும் உறைக்கோடு, அதாவது நுரையீரலைப் போர்த்திய உறை தெரியும் கோடு. காற்று நிறைந்த நுரையீரல் என்றால் அந்தக் கோட்டின் எதிரொலிகள் கீழே சம இடைவெளியில் படிபோல் கிடக்கும். அவை ஏ-லைன்கள். நுரையீரல் திசுவில் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கினால், உறைக்கோட்டிலிருந்து வெள்ளைப் பட்டைகள் நேர்கீழாக இறங்கும். திரையின் அடிவரை மங்காமல் போகும், ஏ-லைன்களை அழித்துவிடும், மூச்சுக்கு மூச்சு உறையோடு சேர்ந்து ஆடும். இவைதான் பி-லைன்கள். ஓர் இடுக்கில் 3 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் அந்த இடத்தைக் கணக்கில் எடுக்கலாம். இரு பக்கமும் 2 இடங்களுக்குக் குறையாமல் இப்படி இருந்தால் இதயத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

சந்தேகம்தான், முடிவு இல்லை. இதே கோடுகள் நுரையீரல் தழும்பேறிய நோயிலும் வரும், நிமோனியாவிலும் வரும். அதனால்தான் அப்புறம் புரோபை இதயத்துக்கு நகர்த்தி அது எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கிறோம். உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை 2.1 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து, மூச்சை உறிஞ்சும்போது பாதியளவுகூடச் சுருங்காவிட்டால், இதயத்தின் வலப்பக்க அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். பயிற்சி மருத்துவருக்கு ‘நீர்க்கோடு’ என்று சொல்லிக்கொடுத்தால் இத்தனையும் பார்ப்பதற்கு முன்பே கை ஊசிக்குப் போய்விடும். கண்ணில் படுவதற்குத்தான் பெயர் வேண்டும், அதன் காரணத்துக்கு அல்ல.

நுரையீரல் ஸ்கேனில் முன்னோடியான பிரெஞ்சு மருத்துவர் லிச்டென்ஸ்டைன் 1997இல் இந்தக் கோட்டைப் பற்றி எழுதியபோது வால்மீனின் வால் என்றுதான் குறித்தார். அதைத் தமிழாக்கலாமே என்று கேட்பீர்கள். வால்மீனின் வால் போகப்போக மங்கும், இது மங்காது. உறையிலிருந்து கிளம்பிச் சற்றுத் தூரத்திலேயே மங்கிப்போகும் கோடுகளும் உண்டு. அவை பி-லைன் அல்ல, பெயரால் இரண்டும் குழம்பிவிடும்.

என் முன்மொழிவு ‘விழுதுக்கோடு’. ஆலங்கிளையிலிருந்து விழுது இறங்குவதுபோல உறைக்கோட்டிலிருந்து தொங்குகிறது, கிளை அசைந்தால் தானும் அசைகிறது. ஒருமுறை கேட்டவர் திரையில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். ஏ-லைனுக்குப் ‘படிக்கோடு’ என்றால் ஜோடியும் அமைகிறது.

இன்னொன்று. ஹார்ட் ஃபெயிலியருக்கு ‘இதயச் செயலிழப்பு’ என்ற வழக்கையும் இங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோயாளியின் மனைவியிடம் நான் அப்படிச் சொன்னேன். கையிலிருந்த பையை விட்டுவிட்டு, “போயிட்டாரா டாக்டர்?” என்றார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் கணவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். இதயம் நின்றுவிடவில்லை, தேவையான அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ‘இதயத் தளர்ச்சி’ என்றுதான் சொல்கிறேன், கேட்பவர்களுக்கும் புரிகிறது. இதயத் துடிப்பு நிறுத்தம், மாரடைப்பு இரண்டோடும் கலக்கவும் கலக்காது. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.