14 வெற்றி, 68 தோல்வி: மான்டி வில்லியம்ஸ் மறுபடி அசிஸ்டென்ட் கோச் ஆகலாமா?

பழைய பாயின்ட் கார்டு:
என்பிஏவில் (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) மான்டி வில்லியம்ஸ் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்கு ஹெட் கோச்சாகப் போனபோது ஆறு வருட ஒப்பந்தம், 78.5 மில்லியன் டாலர் என்று செய்தி வந்தது. ஒரே சீசனில் முடிந்துபோனது. அங்கே மான்டியின் கணக்கு 14-68, நடுவில் தொடர்ந்து 28 தோல்வி. 2024 ஜூனில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த சீசனில் (2024-25) அதே நட்சத்திர ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாமை வைத்து ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் 44 ஆட்டம் ஜெயித்துவிட்டார்.

மான்டி இன்னொரு ஹெட் கோச் அழைப்புக்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது, வேறு அணியில் அசிஸ்டென்டாகச் சேர வேண்டும் என்பது என் கட்சி. அவருக்கு இது புதிதும் இல்லை. 2015இல் நியூ ஆர்லியன்ஸ் நீக்கியதும் ஓக்லஹோமா சிட்டியில் அசிஸ்டென்ட், பிறகு 2018-19இல் ஃபிலடெல்ஃபியாவில். அதற்குப் பிறகுதான் ஃபீனிக்ஸில் ஹெட் கோச் வேலை, 2021 ஃபைனல், அடுத்த வருடம் 64 வெற்றி, சிறந்த கோச் விருது எல்லாம்.

ரீபவுண்ட் ரவி:
முழுசா மறுக்கிறேன் அண்ணா. ஃபைனலுக்குப் போனது அனுபவ ஆட்டக்காரர் கிறிஸ் பாலால். 2020 நவம்பரில் பால் வந்தார், அந்த சீசனிலேயே ஃபைனல். டெட்ராய்ட்டும் அப்படித்தான். பிக்கர்ஸ்டாஃபுக்கு டொபையஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்த அனுபவசாலிகளை வாங்கிக் கொடுத்தார்கள். மான்டிக்கு அப்படி யார் இருந்தார்கள்?

பிக்கர்ஸ்டாஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் கிளீவ்லாண்ட் நீக்கியது, சில வாரத்தில் டெட்ராய்ட்டில் ஹெட் கோச். யார் பக்கத்திலும் போய் உட்காரவில்லை.

இன்னொன்று. ஓக்லஹோமா வருடத்தைப் பாடம் படித்த காலமாகச் சொல்லாதீர்கள். 2016 பிப்ரவரியில் மனைவியை விபத்தில் பறிகொடுத்து, பெஞ்சையே விட்டு விலகி நின்ற மனிதர் அவர்.

பழைய பாயின்ட் கார்டு:
கடைசியாகச் சொன்னதை ஏற்கிறேன் தம்பி. அந்த வருடத்தை என் வாதத்துக்கு இனி எடுக்கமாட்டேன். ஆனால் ஃபிலடெல்ஃபியா சீசன் நிற்கிறது.

பால் கதை சரியில்லை. மான்டி வருவதற்கு முந்தின சீசனில் ஃபீனிக்ஸ் 19-63. கோவிடால் நின்ற சீசனின் மிச்ச ஆட்டங்களை 2020 ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் ஆர்லாண்டோவில் ஆடியபோது எட்டுக்கு எட்டும் ஜெயித்தார்கள். அப்போது பால் அங்கே இல்லை.

பிக்கர்ஸ்டாஃப் யார் பக்கத்திலும் உட்காரவில்லையா? 2019இல் மெம்பிஸ் நீக்கியதும் கிளீவ்லாண்டில் ஹெட் கோச் ஜான் பீலைனுக்கு அசோசியேட் கோச்சாகத்தான் போனார். 2020 பிப்ரவரியில் பீலைன் விலகியபோது அந்த இடம் இவருக்கு வந்தது. இப்போது நேராக டெட்ராய்ட் போக முடிந்ததற்கு அன்று இறங்கிப் போனது ஒரு காரணம்.

திருச்சி பள்ளி கோச்:
பீலைன் பெயரை எடுத்ததால் வருகிறேன். எல்லோரும் அசிஸ்டென்டாகப் போகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த பெஞ்சுக்குச் சொந்தக்காரரான ஹெட் கோச் ஒருவர் இருக்கிறாரே, அவர் நிலை என்ன?

நேட் மெக்மில்லன் 2020இல் அட்லாண்டாவில் லாய்ட் பியர்ஸுக்கு அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். 2021 மார்ச் 1 அன்று, அணி 14-20 என்று இருந்தபோது பியர்ஸை நீக்கி மெக்மில்லனை உட்கார வைத்தார்கள். கான்ஃபரன்ஸ் ஃபைனல் (ஃபைனலுக்கு முந்தைய சுற்று) வரை போனார்கள். டை லூ 2019இல் கிளிப்பர்ஸில் டாக் ரிவர்ஸோடு சேர்ந்தார், அடுத்த வருடம் ரிவர்ஸ் வெளியே, லூ உள்ளே. யாரும் யாருக்கும் குழி பறித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு ஆட்டம் தோற்றதும் நிர்வாகத்தின் கண் பக்கத்து நாற்காலிக்குப் போகும். டைம் அவுட்டில் பையன்கள் இரண்டு முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். பள்ளி அணியிலேயே இது நடக்கும், என்பிஏவில் நடக்காதா?

சோன் டிஃபென்ஸ்:
சார் சொல்வது நியாயம்தான். ஆனால் 2011 டாலஸ் பெஞ்சைப் பார்க்காமல் இந்த விவாதத்தை முடிக்கவே கூடாது.

டுவைன் கேஸியை 2007 ஜனவரியில், அணி 20-20 என்று சமமாக இருக்கும்போதே மினசோட்டா நீக்கியது. டெர்ரி ஸ்டாட்ஸ் அட்லாண்டா, மில்வாக்கி இரண்டிலும் வேலை இழந்தவர். இருவரும் 2008இல் ரிக் கார்லைலுக்கு அசிஸ்டென்டாக டாலஸ் வந்தார்கள். கேஸி கையில் டிஃபென்ஸ், ஸ்டாட்ஸ் கையில் தாக்குதல். 2011 ஃபைனலில் லெப்ரான், வேட், பாஷ் என்ற மூன்று நட்சத்திரங்கள் இருந்த மயாமியை அந்த சோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் இல்லாமல் இடம் பிரித்துக் காக்கும் முறை) திணறடித்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கோப்பை வந்த அதே கோடையில் டொரோன்டோ கேஸியை ஹெட் கோச் ஆக்கியது. அடுத்த வருடம் ஸ்டாட்ஸ் போர்ட்லாண்ட் போய் ஒன்பது சீசன் இருந்தார்.

சும்மா நாற்காலியில் இடம் பிடித்தவர்கள் இல்லை இவர்கள். 'இது இவருடைய வேலை' என்று வெளியே தெரிகிற ஒரு பொறுப்பு இருவரிடமும் இருந்தது.

ரீபவுண்ட் ரவி:
அதே டாலஸ் பெஞ்சின் தலைவரைப் பார்க்க மறந்துவிட்டீர்கள்! கார்லைல் 2007இல் இண்டியானாவை விட்டு வந்ததும் அசிஸ்டென்டாகப் போகவில்லை. ஒரு வருடம் இஎஸ்பிஎன் டிவியில் ஆட்டங்களை அலசினார், 2008இல் டாலஸ் கூப்பிட்டது.

கேஸி போல ஒருவரைச் சொன்னால் நான் டேவிட் ஃபிஸ்டேலைச் சொல்வேன். நிக்ஸில் 21-83, 2019 டிசம்பரில் நீக்கம், 2021இல் லேக்கர்ஸில் அசிஸ்டென்ட். அதற்குப் பிறகு எந்த அணியும் அவரை ஹெட் கோச் ஆக்கவில்லை. லூக் வால்டனும் சாக்ரமென்டோ நீக்கியபின் கிளீவ்லாண்ட் பெஞ்சில் சேர்ந்தார். அவருக்கும் அழைப்பு வரவில்லை.

பழைய பாயின்ட் கார்டு:
கார்லைல் அதற்கு முன்பே இண்டியானாவில் 61 வெற்றி கண்டவர். அப்படிப்பட்டவரை டிவியில் உட்கார்ந்திருந்தாலும் தேடி வருவார்கள். கடைசி வரி 14-68 என்று இருப்பவரைத் தேட மாட்டார்கள்.

மைக் பிரவுன் கதைதான் மான்டிக்கு நெருக்கம். லேக்கர்ஸ் 2012இல் சீசன் தொடங்கி ஐந்தே ஆட்டத்தில் வெளியேற்றியது, கிளீவ்லாண்டுக்குத் திரும்பப் போனதும் ஒரு சீசனோடு சரி. 2016இல் கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டீவ் கெரிடம் அசிஸ்டென்ட். 2017 பிளேஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) கெர் முதுகுவலியால் ஒதுங்கியபோது அவர் இடத்தில் நின்று 11-0. 2022இல் சாக்ரமென்டோ போய், 16 வருடமாகப் பிளேஆஃப் பார்க்காத ஊரை முதல் சீசனிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். கென்னி அட்கின்சனும் அதே பெஞ்ச். 2022இல் சார்லட் வேலையை ஒப்புக்கொண்டு, பிறகு வேண்டாம் என்று கெரிடமே தங்கிவிட்டார். பிறகு கிளீவ்லாண்டில் ஹெட் கோச் ஆகி, பிக்கர்ஸ்டாஃப் 48 ஜெயித்த அதே அணியை வைத்து 2024-25 சீசனில் 64. ஆட்கள்தான் எல்லாம் என்றால் இது எப்படி, ரவி?

திருச்சி பள்ளி கோச்:
கெர் பெஞ்ச் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது, அதனால் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பயமில்லை. மயாமியில் 2008 முதல் ஹெட் கோச்சாக இருக்கும் ஸ்போல்ஸ்ட்ராவும் அப்படித்தான். மற்ற இடங்களுக்கு மான்டி போகக் கூடாது. இளம் கோச் ஒருவரின் தலைக்கு அது ஆபத்து.

ரீபவுண்ட் ரவி:
அப்படிப்பட்ட இடம் எத்தனை சார்? மயாமி தன் ஆட்களைத் தானே வளர்க்கும். ஸ்போல்ஸ்ட்ராவே 1995இல் வீடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிரவுன் ஆறு வருடம் காத்திருந்தார், 2024 டிசம்பரில் சாக்ரமென்டோ அவரையும் நீக்கிவிட்டது. 2025 தொடக்கத்தில் மான்டிக்கு 53 வயது, மிச்ச ஒப்பந்தத்தின் சம்பளம் வீடு தேடி வரும். ஆறு வருடத்தை ஏன் இன்னொருவர் பெஞ்சில் கரைக்க வேண்டும்?

பழைய பாயின்ட் கார்டு:
ஆறு வருடம் போனாலும் 59தான் தம்பி. நீ சொன்ன கார்லைல் 2025இல் 65 வயதிலும் இண்டியானாவில் ஹெட் கோச். சார் போட்ட நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன், அதோடு சோன் டிஃபென்ஸ் சொன்னதையும். உறுதியான நாற்காலி உள்ளவரிடம் மட்டும் போகட்டும். போகும்போதே டிஃபென்ஸை முழுசாக என் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகட்டும்.